தண்ணீரைத் தராசில் வைத்த அல்பிரூனி

வாலிநோக்கம் கடலோரத்தில் வளர்ந்தவர்கள் தண்ணீரின் குணத்தைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சங்கு எடுக்க மூழ்கியவருக்கு, எத்தனை பாகம் ஆழத்தில் இருக்கிறோம் என்பதைக் காதே சொல்லிவிடும். உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு, பாத்தியில் நிற்கும் நீர் எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்பதை மிதக்கும் கண்ணாடிக் குழல் சொல்லிவிடும். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய பெண்களுக்கு, அளவுக்கு மேல் இறைத்தால் நல்ல தண்ணீர் உப்பாக மாறிவிடும் என்பது தெரியும்.

ஆழத்தில் காது வலிப்பது, உப்புநீரில் குழல் உயர்ந்து மிதப்பது, ஊற்று உப்பாவது ஆகிய மூன்றும் வெவ்வேறு விஷயங்களாகத் தோன்றலாம். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். அசையாமல் நிற்கும் நீருக்கு எவ்வளவு பாரம்? அந்தப் பாரம் தன் மேலும் தனக்குள் இருப்பவற்றின் மேலும் எப்படி அழுத்துகிறது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியை வாய்ப்பேச்சில் விடாமல் தராசில் வைத்துப் பார்த்தவர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மத் அல்பிரூனி. நம் மக்தப் பிள்ளைகளுக்கும் அவருடைய பெயர் தெரியும். பெயர் தெரிந்த அளவுக்கு அவர் என்ன செய்தார் என்பது தெரிவதில்லை. அவர் எதை அளந்தார், எதை அளக்காமல் விட்டார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதரின் உயரம் புரியும்.

காத் நகரத்து மாணவர்

ஹிஜ்ரி 362, துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரத்துப் புறப்பகுதியில் அவர் பிறந்தார். இன்றைய உஸ்பெகிஸ்தானில் ஆமூ தர்யா ஆற்றை ஒட்டிய பகுதி அது. நகருக்கு வெளியே உள்ளவர் என்ற பொருளில்தான் பிரூனி என்ற பெயர் வந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அபூ நஸ்ர் மன்சூர் அவருடைய ஆசிரியராக அமைந்தார்.

சுமார் 17 வயதிலேயே நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, தன் ஊர் பூமியில் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று கணக்கிட்டார். 995-இல் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, அவரை ஆதரித்த அரச குடும்பம் வீழ்ந்தது. அல்பிரூனி ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. வறுமையும் அலைச்சலும் நிறைந்த அந்த ஆண்டுகளிலும் அவர் அளப்பதை விடவில்லை. 997 மே 24 அன்று சந்திர கிரகணம் வந்தது. பக்தாதிலிருந்த அறிஞர் அபுல் வஃபாவுடன் முன்பே பேசிவைத்து, இருவரும் தத்தம் ஊரிலிருந்து அதைப் பார்த்தார்கள். கிரகணம் தெரிந்த நேரங்களின் வித்தியாசத்தைக் கொண்டு இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கண்டார்கள். தபாலே மாதக்கணக்கில் செல்லும் காலத்தில் நடந்த கூட்டாய்வு இது.

அந்தக் காலத்தில்தான் இப்னு சீனாவுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. தன்னைவிட ஏழு வயது இளையவரான இப்னு சீனாவிடம் அல்பிரூனி அடுக்கடுக்காகக் கேள்விகளை அனுப்பினார். அவற்றில் இரண்டு நம் விஷயத்தைத் தொடுகின்றன. ஒன்று, பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்பது. இன்னொன்று குடுவையைப் பற்றியது. கண்ணாடிக் குடுவையின் காற்றை வாயால் உறிஞ்சிவிட்டு, அதைத் தலைகீழாக நீரில் வைத்தால், தண்ணீர் குடுவைக்குள் மேலேறுகிறது. வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்றால் இந்தத் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று அவர் கேட்டார்.

உறிஞ்சும்போது விரிந்த காற்று, நீரின் குளிர்ச்சி பட்டதும் சுருங்குவதால் தண்ணீர் ஏறுகிறது என்ற வகையில் இப்னு சீனா விளக்கம் தந்தார். உண்மையான காரணம், வெளியே இருக்கும் காற்றின் பாரம் தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளுவதுதான். அது தெளிவாவதற்கு இன்னும் 640 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பதில் அன்று கிடைக்கவில்லை என்றாலும் கேள்வி சரியான இடத்தில் வைக்கப்பட்டிருந்தது.

ஊற்று ஏன் மேலே எழுகிறது?

அலைச்சலுக்குப் பின் காஸ்பியன் கடலோரத்து ஜுர்ஜானில் காபூஸ் என்ற அரசரிடம் அல்பிரூனி சேர்ந்தார். கி.பி. 1000 வாக்கில், தன் 27-ஆம் வயதில், பல சமூகங்களின் நாள்காட்டிகளைப் பற்றிய அல்ஆஸாருல் பாகியா என்ற பெரிய நூலை முடித்து அவருக்குச் சமர்ப்பித்தார். அந்த நூலின் நடுவே நீரூற்றுகளைப் பற்றி ஒரு விளக்கம் வருகிறது.

சில கிணறுகளில் தண்ணீர் பொங்கி எழுகிறது, சிலவற்றில் அடியிலேயே கிடக்கிறது. மக்கள் இதை அதிசயமாகப் பார்த்தார்கள். அல்பிரூனி சொன்ன காரணம் எளிமையானது. ஊற்றுக்கு நீர் வரும் மூலத் தேக்கம் உயரமான இடத்தில் இருந்தால், நிலத்தடி வழியே வரும் தண்ணீர் அந்த உயரத்தை எட்டப் பார்க்கும். மூலம் தாழ்ந்திருந்தால் எழாது. இந்த முறையில் கோட்டைகளின் உச்சிக்கும் மினாராக்களின் உச்சிக்கும்கூடத் தண்ணீரைக் கொண்டு போகலாம் என்றும், மூலம் அதைவிட உயரத்தில் இருந்தால் போதும் என்றும் விளக்கினார்.

இது நம் வீட்டுக் குழாயின் கதையும்தான். மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயின் வாயில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ பாரம் அழுத்தும். தொட்டி அகலமானதா குறுகலானதா, குழாய் தடித்ததா மெலிந்ததா என்பது இதில் கணக்கில்லை. உயரம் ஒன்றுதான் கணக்கு. கொத்தனார் ஒரு நீண்ட கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, வீட்டின் இரு மூலைகளில் பிடித்து மட்டம் பார்ப்பதும் இதே விதியில்தான்.

கடலோர ஊற்றின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. மழை நீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் நீர் நல்ல தண்ணீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் அதிகம். அதனால் 41 மீட்டர் நல்ல தண்ணீரை 40 மீட்டர் கடல் நீர் தாங்கிப் பிடிக்கும். கணக்குப்படி, நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை இறங்கியிருக்கும். மோட்டார் போட்டு மேலே உள்ள அந்த 1 மீட்டரை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு பல மடங்கு மேலேறி வரும். அகப்பையால் அள்ளிக் குடம் நிரப்பிய காலத்தில் ஊற்று கெடாமல் இருந்ததற்கும், மின் மோட்டார் வந்த பிறகு கடலோரக் கிணறுகள் உப்பாவதற்கும் இந்தச் சமன்கணக்குதான் காரணம். உப்பான கிணறு அடுத்த மழையிலேயே திரும்பிவிடாது. கடலோர ஊர்களில் தண்ணீரைச் சிக்கனமாக எடுப்பது பிள்ளைகளின் நாளைய குடிநீரைக் காப்பது.

கூம்புப் பாத்திரம்

அல்பிரூனி செய்த கருவிகளில் மிக அழகானது ஒரு கூம்பு வடிவப் பாத்திரம். அடி அகலமாகவும் கழுத்து மிகக் குறுகலாகவும் இருக்கும். கழுத்தின் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழல் கீழ்நோக்கி வளைந்து வரும். குழலின் வாய்க்குக் கீழே தராசுத் தட்டு.

பாத்திரத்தில் குழல் மட்டம் வரை தண்ணீர் நிரப்புவார். பிறகு எடை தெரிந்த ஒரு பொருளை, தங்கத்தையோ செம்பையோ மாணிக்கத்தையோ, உள்ளே போடுவார். அந்தப் பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு தண்ணீர் குழல் வழியே வெளியேறித் தட்டில் விழும். விழுந்த தண்ணீரை நிறுத்துப் பார்த்தால், அந்தப் பொருள் தன் பருமனுள்ள தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பது தெரிந்துவிடும்.

கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால் சங்கடம் தெரியும். கழுத்து அகலமாக இருந்தால் சிறிய மணியைப் போடும்போது மட்டம் ஏறுவதே தெரியாது, அதனால்தான் அதைக் குறுக்கினார். குழலுக்குள் தண்ணீர் ஒட்டிக்கொண்டு கீழே விழாமல் நின்றது, அதற்காகக் குழலின் அமைப்பை மாற்றினார். சுடுநீருக்கும் குளிர்ந்த நீருக்கும், இனிய நீருக்கும் உப்பு நீருக்கும் பாரம் ஒன்றல்ல என்பதையும் கவனித்தார்.

இத்தனை பாடுபட்டுக் கிடைத்த எண்கள் இன்றும் வியக்க வைக்கின்றன. தங்கம் தண்ணீரைப் போல் சுமார் 19 மடங்கு, ஈயம் 11 மடங்குக்குச் சற்று மேல், செம்பு ஏறக்குறைய 9 மடங்கு என்று அவர் கண்டார். இன்றைய ஆய்வகங்கள் தரும் எண்களும் இவற்றை ஒட்டியே இருக்கின்றன. பாதரசத்துக்கு அவர் கண்டது 13½ மடங்குக்குச் சற்று மேல், இன்றைய கணக்கு 13.6. இந்தப் பாதரச எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

கலப்படத் தங்கத்தையும் போலி மணியையும் கண்டுபிடிப்பதற்கு இந்த எண்கள் கடைத்தெருவில் நேரடியாக உதவின. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்பதை மார்க்கக் கடமையாகக் கருதும் சமூகத்தில், துல்லியமான தராசு அறிஞனின் விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை. அது நீதியின் கருவியாக இருந்தது.

அல்பிரூனிக்குப் பின் சுமார் 70 ஆண்டுகள் கழித்து, மர்வ் நகரில் வாழ்ந்த அல்காஸினி இந்த வேலையைத் தொடர்ந்தார். அடிமையாக வளர்ந்து, எஜமானரால் கல்வி அளிக்கப்பட்டு, பெரும் அறிஞரானவர் அவர். ஹிஜ்ரி 515-இல், அதாவது 1121 வாக்கில், மீஸானுல் ஹிக்மா, அறிவின் தராசு, என்ற நூலை எழுதினார். அல்பிரூனியின் கூம்புப் பாத்திரத்தையும் அதன் எண்களையும் அந்த நூலில் பாதுகாத்து வைத்தார். நீரில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியைப் பார்க்கும் கோடு போட்ட குழலையும் அதில் விவரித்தார். அது அவருக்கும் முந்தைய கிரேக்கர் காலத்துக் கருவி. காற்றுக்கும் பாரம் உண்டு, காற்று தடித்திருந்தால் அதில் இருக்கும் பொருளின் எடை சற்றுக் குறையும் என்பதையும் எழுதினார்.

தமிழ்நாடு உப்புக் கழகம் 1974-இல் தொடங்கப்பட்டு மாரியூர்–வாலிநோக்கம் பகுதியில் உப்பு விளைவிக்கிறது. அங்கே டிகிரி பார்க்கும் குழலும் இந்தக் குடும்பத்துக் கருவிதான். கடல் நீரில் விட்டால் 3 அல்லது 3½ டிகிரி காட்டும். வெயிலில் வற்ற வற்ற நீரின் பாரம் கூடி, குழல் உயர்ந்து மிதக்கும். சுமார் 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்கும். குழல் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் வரைதான் அமிழும். நீர் கனத்தால் கொஞ்சம் விலக்கினாலே போதும், அதனால் குறைவாக அமிழ்கிறது. காலையில் பாத்தியோரம் குனிந்து அந்தக் கோட்டைப் படிக்கும் தொழிலாளி, மர்வ் நகரத்து அறிஞர் செய்த வேலையையே செய்கிறார்.

கஸ்னாவும் இந்தியாவும்

1017-இல் சுல்தான் மஹ்மூத் கஸ்னவி குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அல்பிரூனியும் ஆசிரியர் அபூ நஸ்ரும் மற்ற அறிஞர்களோடு கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர் விரும்பிப் போன பயணம் அன்று அது. ஓராண்டு கழித்து காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தபோது கையில் எந்தக் கருவியும் இல்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வில்போல் ஒரு கோடு வரைந்து, அதில் பாகைகளைக் குறித்து, தூக்குநூல் கட்டி அதையே கருவியாக்கிச் சூரியனின் உயரத்தை அளந்தார். வசதி இல்லை என்பதை அவர் காரணமாக வைத்துக்கொள்ளவில்லை. கஸ்னாவின் கிப்லா திசையைக் கணக்கிடுவதற்காக ஒரு முழு நூலையே எழுதினார்.

பஞ்சாப் பகுதிகளுக்குச் சென்று சமஸ்கிருதம் கற்றார். நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். 1030-இல் இந்தியாவைப் பற்றிய புகழ்பெற்ற நூலை முடித்தார். தன் சுல்தான் படையெடுத்த நாட்டின் மக்களைப் பற்றி, அவர்களுடைய நூல்களையே படித்து, நியாயமாக எழுத முயன்ற நூல் அது.

அவர் தென்னகத்துக்கு வந்ததில்லை. ஆனால் நம் கடலோரம் அவருடைய நூலில் இருக்கிறது. சரந்தீப் என்ற இலங்கைக்கு எதிரே இருக்கும் ராமேஸ்வரத்தையும், கடலில் தனித்தனியாக நிற்கும் சேது திட்டுகளையும் அவர் குறிப்பிடுகிறார். சரந்தீப் வளைகுடாவில் முன்பு கிடைத்த முத்து தன் காலத்தில் இல்லாமல் போய்விட்டதையும், பிறகு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள ஸுஃபாலாவில் முத்து கிடைத்ததையும், முத்து இங்கிருந்து அங்கே குடிபெயர்ந்துவிட்டதாக மக்கள் பேசிக்கொண்டதையும் பதிவு செய்கிறார். மன்னார் வளைகுடாவின் முத்துப் பாறுகள் பல ஆண்டுகள் வளமாக இருந்து, திடீரென்று வெறுமையாகிவிடும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்த செய்தி. கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-இல்.

மூழ்குபவரின் தோல் குழாய்

முதுமையில், சுல்தான் மவ்தூதின் காலத்தில், மணிகளையும் உலோகங்களையும் பற்றிக் கிதாபுல் ஜமாஹிர் என்ற நூலை எழுதினார். முத்தைப் பற்றிய பகுதியில் முத்துக் குளிப்பவர்களின் பாடும் வருகிறது. மூச்சை அடக்கும் துன்பம் இல்லாமல் நீருக்கடியில் இருக்க ஒரு புதிய வழி கண்டிருப்பதாக பக்தாதைச் சேர்ந்த ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். தலையிலிருந்து மார்பு வரை மூடும் தோல் உறை ஒன்றை நீர் புகாமல் கட்டிக்கொண்டு, அதற்குள் இருக்கும் காற்றைச் சுவாசிப்பது அந்த வழி. இப்படிக் காற்றோடு இறங்குபவரை அடியில் நிறுத்த நல்ல கனமான பாரம் கட்ட வேண்டும் என்பதையும் அல்பிரூனி குறிப்பிடுகிறார். காற்று நிரம்பிய உறையை நீர் மேலே தூக்கும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இதைவிடச் சிறந்ததாக இன்னொரு அமைப்பும் அங்கே சொல்லப்படுகிறது. உறையின் உச்சியில், சட்டைக் கை போன்ற நீண்ட தோல் குழாயை இணைக்க வேண்டும். அதன் தையல்களை மெழுகும் கீலும் பூசி அடைக்க வேண்டும். குழாயின் நீளம் மூழ்கும் ஆழத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மேல்முனையை மிதக்கும் தட்டு ஒன்றில் பொருத்தி, ஊதிய தோல் பைகளால் அதை மிதக்கவிட வேண்டும். அப்படிச் செய்தால் மூழ்கியவர் வேண்டிய நேரம், நாள்கணக்கில்கூட, அடியிலேயே இருக்கலாம் என்பது எண்ணம்.

எழுத்தில் பார்த்தால் குறையே தெரியாத அமைப்பு. கடலில் அது வேலை செய்யாது. செய்து பார்ப்பவரின் உயிருக்கே ஆபத்து.

குழாயின் மேல்வாய் திறந்திருப்பதால், அதற்குள் இருக்கும் காற்று கரையில் இருக்கும் காற்றின் அழுத்தத்திலேயே இருக்கும். ஆனால் மூழ்கியவரின் மார்பை ஆழத்துக்கு ஏற்ற பாரத்தோடு தண்ணீர் அழுத்தும். மார்பில் ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலமுள்ள இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் ஆழத்திலேயே அதன் மேல் சுமார் 50 கிலோ பாரம் விழும். 25 கிலோ அரிசி மூட்டைகள் இரண்டை மார்பில் வைத்துக்கொண்டு மூச்சை இழுப்பது போல அது. 10 மீட்டரில் அதே இடத்தில் 500 கிலோ. எந்தப் பலசாலியின் மார்பும் அதைத் தள்ளி விரியாது. அதே பாரம் தோல் குழாயையும் பக்கவாட்டில் நசுக்கிச் சப்பையாக்கிவிடும். நசுங்காத இரும்புக் குழாயாக இருந்தாலும், விட்ட மூச்சு மேலே போய்ச் சேராமல் குழாயிலேயே தங்கி, அதுவே திரும்பவும் உள்ளே வரும்.

அப்படியானால் வெறும் மூச்சை அடக்கிக் குதித்த நம் முத்துக் குளிப்பவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அவர்களுடைய நுரையீரலில் இருந்த காற்று வெளியோடு தொடர்பில்லாமல் அடைபட்டிருந்தது. 10 மீட்டரில் அது பாதியாகச் சுருங்கி, தண்ணீர் அழுத்தும் அளவுக்கே எதிர்த்து அழுத்தும். எங்கே காற்று சமனாகவில்லையோ அங்கே வலிக்கும், அதனால்தான் முதலில் காது வலிக்கிறது. காதைச் சமன் செய்யாமல் இறங்கியவர்களின் செவிப்பறை கிழிந்தது.

இன்று சங்கு எடுப்பவர்கள் சிலர் கம்ப்ரஸர் குழாயோடு இறங்குகிறார்கள். அல்பிரூனி எழுதிய குழாயில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. மேலேயுள்ள இயந்திரம், அந்த ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றை அழுத்தி அனுப்புகிறது. அதிலும் வேறு ஆபத்து உண்டு. அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும். நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டுச் சட்டென்று ஏறினால், இரத்தத்தில் கரைந்த காற்று குமிழிட்டு மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். பயிற்சி இல்லாமல், ஆழமும் நேரமும் கணக்கிடாமல் இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. அதேபோல் நீண்ட ரப்பர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கடலில் மூழ்கிப் பார்க்கும் விளையாட்டையும் பெற்றோர் அனுமதிக்கக் கூடாது. கடைகளில் விற்கும் நீச்சல் மூச்சுக்குழல் ஒன்றரைச் சாண் அளவோடு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

பாதரசம் சொன்ன பதில்

பொருள்களின் எடையை இவ்வளவு நுட்பமாக அளந்தவர், ஆழத்தின் பக்கவாட்டு அழுத்தத்தை ஏன் தவறவிட்டார்? கூம்புப் பாத்திரம் அவர் கையில் இருந்தது, ஆழ்கடல் அவர் கையில் இல்லை. தராசில் வைத்த விஷயத்தில் அவருடைய எண் ஆயிரம் ஆண்டுகள் நின்றது. தராசில் வைக்க முடியாமல், கேள்விப்பட்டும் யோசித்தும் எழுதிய இடத்தில் குறை நேர்ந்தது.

அந்தக் குறை பல நாட்டவர் கைகளில் தீர்ந்தது. பாத்திரத்தின் வடிவம் எதுவானாலும் அடியில் விழும் அழுத்தம் உயரத்தை மட்டுமே பொறுத்தது என்பதை 1586-இல் நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த ஸ்டெவின் விளக்கினார். 1643-இல் இத்தாலியின் டோரிச்செல்லி ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழலில் பாதரசம் நிரப்பி, அதைப் பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினார். பாதரசம் சற்று இறங்கி, சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. வெளிக் காற்றின் பாரம்தான் அதைத் தாங்கி நின்றது. தண்ணீரில் இதைச் செய்ய 10 மீட்டருக்கு மேல் உயரமான குழல் வேண்டும். பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனம் என்பதால் ஒரு மீட்டர் குழலே போதுமானதாயிற்று. அல்பிரூனி தராசில் கண்ட அந்த எண்ணுக்கும், குடுவையில் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று அவர் கேட்ட கேள்விக்கும் அந்த ஒரு குழலில் உறவு ஏற்பட்டது. 1648-இல் பாஸ்கலின் ஏற்பாட்டில் அதே போன்ற குழலை மலையேற்றிப் பார்த்தபோது, உயரே போகப் போகப் பாதரசம் இறங்கியது. இன்று அழுத்தத்தின் அலகுக்கு அவருடைய பெயர்தான்.

அந்தப் பாதரசக் கோடு நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. டாக்டர் பிரஷர் பார்த்து 120 என்று சொன்னால், அது 120 மில்லிமீட்டர் பாதரசம். நம் இதயம் இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர்த் தூணைத் தாங்கும் அளவுக்கு இருக்கிறது என்று பொருள். வானொலியில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று கேட்டதும் மீனவர் வீட்டில் பதற்றம் வருகிறதே, அதுவும் இதே அளவுதான். கடலின் மேல் காற்றின் பாரம் குறைந்தால், சுற்றுப்புறக் காற்று அங்கே பாய்கிறது, கடல் மட்டமும் அந்த இடத்தில் உயர்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறக்காத கரை இது. அழுத்தமானி இறங்குவதைப் பார்த்துக் கூண்டு ஏற்றுவதும், அதைக் கண்டு படகைக் கரையேற்றுவதும் பல உயிர்களைக் காக்கும் செயல்கள்.

கடைசி நாள் வரை

சுல்தான் மஸ்ஊதுக்காக அல்பிரூனி எழுதிய வானியல் பெருநூலுக்குப் பரிசாக ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளி வந்ததாகவும், தனக்குத் தேவையில்லை என்று அவர் அதைக் கருவூலத்துக்கே திருப்பிவிட்டதாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் எழுதியிருக்கிறார். தன் 65-ஆம் வயதில் அவர் தயாரித்த பட்டியலில் அவருடைய நூல்கள் மட்டும் 113. எண்பதைக் கடந்து, கண்ணும் காதும் தளர்ந்த பிறகும் மருந்துப் பொருள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1048-இல், சிலர் கணக்கில் 1050-இல், கஸ்னாவில் மறைந்தார்.

மரணப் படுக்கையில் இருந்தபோது சட்ட அறிஞரான நண்பர் ஒருவர் பார்க்க வந்தாராம். பாட்டிமார்களின் வாரிசுப் பங்கைப் பற்றி முன்பு பேசிய ஒரு ஃபராயிள் கணக்கை மீண்டும் விளக்கும்படி அல்பிரூனி கேட்டார். இந்த நிலையிலா என்று நண்பர் தயங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவது நல்லது அல்லவா என்ற பொருளில் பதில் வந்தது. நண்பர் விளக்கினார், அவர் மனனம் செய்து ஒப்பித்தார். நண்பர் வெளியே வந்து தெருவில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது என்று யாகூத் முடிக்கிறார்.

ஃபராயிள் கணக்கும் உலோகத்தின் பாரமும் அவருக்கு இரண்டு உலகங்களாக இருக்கவில்லை. மதரஸா படிப்பு ஒரு பக்கம், கல்லூரிப் படிப்பு ஒரு பக்கம் என்று கோடு கிழித்து, ஒன்றைத் தாழ்வாகப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தால் அது அவரிடமிருந்து வந்ததல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முஸ்லிம் அறிஞர்களே முதலில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கைப்பேசியில் சுற்றி வரும் செய்திகளை நாம் மகிழ்ச்சியோடு பகிர்கிறோம். மூழ்குபவரின் தோல் குழாயையும் அப்படிப் பெருமையாகப் பகிர முடியும். அதை நம்பி ஒரு சிறுவன் கடலில் இறங்கினால் அந்தப் பெருமை அவனைக் காப்பாற்றாது. அல்பிரூனியின் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு குடுவை, ஒரு தராசு, கொஞ்சம் கடல் நீர், கொஞ்சம் ஊற்று நீர் கொடுத்து, எது கனம் என்று அவர்களையே நிறுத்துப் பார்க்கச் சொல்லலாம். நாற்பதில் ஒரு பங்கு வித்தியாசத்தை ஒரு பிள்ளை தன் கையால் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய வழியில் ஓரடி எடுத்து வைத்துவிட்டது என்று பொருள்.